மிட்ஜெட்டுக்கு எந்த எஞ்சின்? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் மாற்ற நினைப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் மருமகன் போன் எடுத்தான்.

"மாமா, கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு ரொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின் கிடக்குதாம். அட்வான்ஸ் போடட்டோ?"

"பொனற்றைத் திறந்து அளந்து பாத்தனியோ?"

"இறங்கும் மாமா. வெளிநாட்டில ஒராள் இறக்கினவர். வீடியோ பாத்தனான்."

கார் 1969ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட். அவனுடைய பெரியப்பாவின் கார். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு கொட்டிலுக்குள் படங்கு மூடி நெடுங்காலம் நின்றது. படங்கை இழுத்தபோது சாரதி ஆசனத்தில் கோழி அடைகாத்த அடையாளம் இருந்தது. அட்வான்ஸ் போடாதே என்று சொல்லிவிட்டு, பின்னேரம் அளவு நாடாவோடு போனேன். அன்று அவனுக்குச் சொன்னதையும் அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிற்ஃபயராகவோ பழைய செலிக்காவாகவோ இருந்தாலும் வேலையின் ஒழுங்கு இதேதான்.

எஞ்சினைத்தான் எல்லாரும் முதலில் தேடுவார்கள். நான் அதைக் கடைசியில் தேடச் சொல்வேன். முதலில் இருக்கிற எஞ்சினின் நிலை, பிறகு கியர் பொக்ஸ், பிறகு இடம். இந்த மூன்றும் முடிந்தால் எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு இரண்டு மூன்று பதில்தான் மிஞ்சும்.

இருக்கிற எஞ்சினைக் கேட்டுப் பாருங்கள்

"கார் இழுக்குதில்லை" என்பதற்கும் "எஞ்சின் சிறிசு" என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சலறேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். மருமகனின் காரில் உள்ளது போன்ற நல்ல 1275 சிசி எஞ்சினில் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். எண்ணைவிட நான்கு சிலிண்டரும் ஒத்துப்போவது முக்கியம். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் காஸ்கற்.

இரண்டு அடுத்தடுத்த சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் காஸ்கற் போயிருக்கும். அதற்குப் புது எஞ்சின் வாங்குவது தலையிடிக்குத் தலையை மாற்றுவது.

நம்மூர்க் காருக்கு இன்னும் இரண்டு பரிசோதனை உண்டு. ஒன்று, மண்ணெண்ணெய். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் எல்லாம் எப்படி ஓடின என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, எஞ்சின் தட்டும். அதனால் ரைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு வைப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். உங்கள் கார் அந்தக் காலத்தில் ஓடியது என்றால் றிங்கும் பெயரிங்கும் வயதுக்கு மேலாகவே தேய்ந்திருக்கும். ரைமிங்கையும் யாரும் பழைய இடத்துக்குக் கொண்டுவராமல் விட்டிருக்கலாம். டிஸ்றிபியூற்றரைச் சரியான இடத்துக்குத் திருப்பியதும் "புது எஞ்சின் மாதிரி" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து ஊறும் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கிறதோ அதையே எஞ்சினுக்குள்ளும் செய்யும். மருமகனின் காரில் புளொக்கின் பின்பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் திருகைக் கழற்றினோம். ஒரு சொட்டும் வரவில்லை. றேடியேற்றரில் தண்ணீர் இருக்கிறது, புளொக்கில் வரவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் வெள்ளைப் பொடி, பிறகு களி, அதற்குப் பிறகு ஒரு பீச்சு. நாலாவது சிலிண்டரைச் சுற்றி இறுகிப்போய்க் கிடந்தது. இந்தக் கார் "எப்பவும் கொதிக்கிறது, எஞ்சின் சரியில்லை" என்று பெரியப்பா மூலையில் விட்ட கார்! புது எஞ்சின் போட்டாலும் அதே கிணற்றுத் தண்ணீரை விட்டால் அதே கதைதான். அலுமினிய ஹெட் என்றால் இன்னும் கெதியாகக் கெடும். கூலன்ற் வாங்கி, அயன் நீக்கிய தண்ணீரில் கலந்து விடுங்கள். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரும் பரவாயில்லை.

எந்த மிட்ஜெட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1961இல் வந்தது 948 சிசி. 1962இல் 1098 சிசியும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிறேக்கும். 1964இல் பின்பக்க வில்லுத்தகடு கால் நீள்வட்ட வகையிலிருந்து அரை நீள்வட்ட வகைக்கு மாறியது. 1966இல் 1275 சிசி, 65 குதிரைவலு. 1974இலிருந்து 1979இல் உற்பத்தி நிற்கும்வரை ட்ரையம்ஃபின் 1493 சிசி எஞ்சின். புளொக்கில் தகட்டு எண் 9சிஜி என்று தொடங்கினால் 948, 10சிஜி அல்லது 10சிசி என்றால் 1098, 12சிசி அல்லது 12சிஇ என்றால் 1275. 10சிஜி வந்தால் அதை வலுவேற்ற முயலவேண்டாம். அதன் கிராங்கின் மெயின் பெயரிங் ஒன்றேமுக்கால் அங்குலந்தான், வேகச் சுழற்சியைத் தாங்காது. 10சிசியில் அதை இரண்டு அங்குலமாக்கினார்கள்.

948 கார் என்றால் முன்னுக்கும் டிறம் பிறேக். அதில் எஞ்சினைப் பற்றி யோசிக்க முதல் டிஸ்க் வைத்த முன் அச்சைத் தேடுங்கள். இதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எவ்வளவு வலு வேண்டும்?

இந்தக் கார் ஏறத்தாழ 700 கிலோ. 65 குதிரைவலு என்றால் தொன்னுக்கு 93. அதை 80 ஆக்கினாலே தொன்னுக்கு 114 ஆகிவிடும். 100 என்றால் 143. கனமான காரில் 15 குதிரைவலு கூடினால் மனைவிக்குத் தெரியாது. மிட்ஜெட்டில் கூடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள். குடாநாட்டில் மேடு என்று ஒன்று கிடையாது, பாலம் ஏறுவதுதான் மேடு. ஊருக்குள் 50, வெளியில் 70 கிலோமீற்றர் என்பது சட்டம். நல்லூர்த் திருவிழா நாளில் பருத்தித்துறை வீதியில் ஊர்ந்துகொண்டு நிற்கும்போது 8,000 சுற்றில் வரும் வலுவால் ஒரு பிரயோசனமும் இல்லை. கண்டிப் பக்கம் ஏறவேண்டும் என்றால் கீழ்ச் சுற்றில் இழுக்கும் எஞ்சின் வேண்டும். ஆகவே உச்ச வலுவை மட்டும் பார்க்காதீர்கள். 2,500 சுற்றில் எப்படி இழுக்கும் என்று கேளுங்கள்.

பெற்றோலும் கணக்கில் வரும். கொம்பிறெஷன் விகிதம் 11:1 இருக்கும் எஞ்சின் 92 ஒக்டேனில் சந்தோசமாக ஓடாது. 95 ஒவ்வொரு நாளும் கைக்கெட்டும் என்று நம்பி எஞ்சின் தெரிவு செய்யவேண்டாம். பெற்றோல் வரிசையில் நின்ற ஊர் இது.

கியர் பொக்ஸ்தான் மாப்பிள்ளை

எஞ்சின் தோழன். இப்படிச் சொன்னால் மருமகன் சிரிக்கிறான், ஆனால் கணக்கு இதுதான்.

1275 மிட்ஜெட்டின் கியர் பொக்ஸில் நாலு கியர்தான். முதல் கியருக்கு, கியர்களை உரசாமல் சேர்க்கும் சின்குறோ இல்லை, கார் முழுக்க நின்றால்தான் விழும். பின் அச்சின் விகிதம் 3.9 அல்லது 4.22. 13 அங்குலச் சில்லில் 155 ரயர் போட்டால், 3.9 உள்ள கார் நாலாம் கியரில் 70 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2,550 சுற்றும், 4.22 என்றால் 2,750க்கு மேல் சுற்றும். கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் அந்தச் சத்தத்தோடு இருந்து பாருங்கள். 0.85 விகிதத்தில் ஐந்தாம் கியர் ஒன்று வந்தால் அதே 70க்கு 2,200க்குக் கீழே இறங்கிவிடும். எஞ்சினைத் தொடாமலே கார் வேறு காராகிவிடுகிறது.

இதனால்தான் உலகம் முழுக்க மிட்ஜெட்காரர் பலர் பழைய ஏ-சீரீஸ் எஞ்சினை (948, 1098, 1275 எல்லாம் இந்தக் குடும்பந்தான்) வைத்துக்கொண்டு கியர் பொக்ஸை மட்டும் மாற்றுகிறார்கள். ஃபோர்ட் சியறாவின் ரைப் 9, டட்சன் 210இன் ஐந்து கியர், ரொயோட்டா கே50, ரி50 எல்லாம் பொருத்திப் பழகிய பெட்டிகள். இதற்கான பெல்ஹவுசிங்கும் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு) இடைத்தகடும் வெளியில் தயாராக விற்கிறார்கள். லண்டன், மெல்பேர்ன், ரொறன்ரோ எதிலும் மாமா மச்சான் ஒருவர் இல்லாத வீடு இங்கே அபூர்வம். திருவிழாவுக்கு வரும்போது சூட்கேசில் சொக்லேற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டுவரலாம். பாரம் மட்டும் முதலே சொல்லிவிடுங்கள்.

இங்கேயே லேத்தில் இடைத்தகடு கடைவதென்றால் ஒன்றில் கவனம். கியர் பொக்ஸின் உள் தண்டும் கிராங்கின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாத விலகலே அந்தத் தண்டின் முனையைத் தாங்கும் பைலற் பெயரிங்கைத் தின்றுவிடும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் லேத்காரரிடம் மட்டும் கொடுங்கள். டயல் கேஜ் என்றதும் "அது தேவையில்லைத் தம்பி, என்ரை கை அளவு" என்று சொன்னால் ரீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கியர் லீவர் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். வனெட், லைற்ஏஸ் போன்ற வான்களில் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே, லீவர் நீண்ட தண்டு வழியாக வரும். வான் எஞ்சின் நல்லது, வான் கியர் பொக்ஸ் நமக்கு உதவாது. அதே குடும்பக் காரின் பெட்டியைத் தேடவேண்டும்.

இடத்தை அளப்பது

பழைய எஞ்சின் உள்ளே இருக்கும்போது ஒருமுறை, எடுத்த பிறகு ஒருமுறை என இரண்டு தடவை அளக்க வேண்டும். ஃபயர்வோல் என்று சொல்லும் நடுத்தகட்டிலிருந்து றேடியேற்றர் வரை, கால் வைக்கும் பெட்டிகள் இரண்டுக்கும் இடையில், முன் குறுக்குச் சட்டத்திலிருந்து பொனற்றின் உட்தகடு வரை. மிட்ஜெட்டில் நெருக்கடி இரண்டாவது அளவில்தான். சாரதி பக்கமும் மற்றப் பக்கமும் கால் பெட்டிகள் எஞ்சினை ஒட்டி வருகின்றன. இரட்டைக் கேம் உள்ள ஹெட் அகலம், அந்த இடத்தில்தான் முட்டும்.

அப்புறம் ஸ்ரியறிங் தண்டு. ஏ-சீரீஸ் எஞ்சினில் கார்பரேற்றரும் சைலன்சர் குழாயும் இடப்பக்கம், நமக்கு ஸ்ரியறிங் வலப்பக்கம். ஒன்றையொன்று தொடாது. நீங்கள் வாங்கும் எஞ்சினில் சைலன்சர் குழாய் வலப்பக்கம் வந்தால், ஸ்ரியறிங் தண்டைச் சுற்றி அதைக் கொண்டுபோவதற்கு ஒரு மாத வேலை இருக்கிறது.

எஞ்சினின் அடியில் இருக்கும் ஒயில் தொட்டியான சம்பின் வடிவம் மூன்றாவது. ஒயில் தேங்கும் பள்ளம் முன்னுக்கா பின்னுக்கா என்று பாருங்கள். முன் குறுக்குச் சட்டத்துக்கு மேல் பள்ளம் வந்தால் சம்பை வெட்டி ஒட்ட வேண்டும்.

முன்சக்கர ஓட்டக் காரிலிருந்து கழற்றிய எஞ்சினில் இன்னொரு தொல்லை. குறுக்கே கிடந்த எஞ்சினை நேரே திருப்பியதும் அதன் ஒரு பக்கம் நடுத்தகட்டைப் பார்த்து நிற்கும். டிஸ்றிபியூற்றரும் தண்ணீர்க் குழாயும் அங்கே இருந்தால் தகட்டை வெட்டவேண்டி வரும். 4ஏ-ஜிஇயின் 20 வால்வு வகையில் இது பேர்பெற்ற பிரச்சினை.

வாங்க முதல் மாதிரி செய்து பாருங்கள். எஞ்சின் விற்பவரிடம் நீளம், அகலம், உயரம் கேட்டு, தொலைக்காட்சிப் பெட்டி வந்த காட்போட்டில் வெட்டி ஒட்டி உள்ளே இறக்குங்கள். நாங்கள் கொக்குவிலில் அப்படித்தான் செய்தோம். 4ஏ-ஜிஇ அளவுக் காட்போட் பெட்டி உள்ளே போனது, ஆனால் பொனற் மூடவில்லை, வலப்பக்கக் கால் பெட்டியில் மடிந்துபோய் நின்றது. மருமகன் அரை மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. காட்போட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை.

போட்டியில் மிஞ்சியவர்கள்

முதலாவது, காரின் சொந்த 1275. மொறிஸ் மைனரும் இதே ஏ-சீரீஸ் குடும்பம் என்பதால் இதைக் கழற்றிப் பூட்டாத பழைய மெக்கானிக் யாழ்ப்பாணத்தில் இல்லை. அசல் அளவு 70.6 மில்லிமீற்றர் போர், 81.28 ஸ்றோக். 73.5 வரை கடைந்தால் 1380 சிசி வரும். ஆனால் அந்த அளவில் சுவர் மெல்லிசு. நம்முடைய வெயிலுக்கு அதுவரை போகாமல், ஒருபடி பெரிய பிஸ்ரனோடு நிறுத்துவது புத்தி. ஹெட்டைத் துப்புரவாக்கி, நல்ல கேம், நல்ல சைலன்சர் குழாய் போட்டால் 80 குதிரைவலுவை நெருங்கும். ஹெட்டில் உள்ளே போக இரண்டு வாசல், வெளியே வர மூன்று வாசல், அவ்வளவுதான். அந்த ஐந்து வாசலுக்கு மேல் மூச்சு விடச் சொன்னால் பணம்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. "1275 இருக்கு, மினியில இருந்து எடுத்தது" என்று யாராவது கொண்டுவந்தால் அவசரப்படாதீர்கள். மினியில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. அதன் கிராங்கின் வால் கூம்பு வடிவம், நமக்குத் தேவை தட்டையான விளிம்பு. புளொக் உதவும், கிராங் அப்படியே உதவாது.

இரண்டாவது, நிசானின் ஏ12, ஏ14, ஏ15. பழைய சனி (Sunny) கார்களிலும் வனெட் வான்களிலும் வந்தவை. ஏ15 என்றால் 1488 சிசி. அலுமினிய ஹெட், கிராங்குக்கு ஐந்து பெயரிங். பிரித்தானிய ஏ-சீரீஸில் மூன்றுதான். உயரமும் அகலமும் ஏறக்குறைய நம்முடையதைப் போலவே. 1950களில் நிசான் ஒஸ்ரினின் அனுமதியோடு ஏ40, ஏ50 கேம்பிறிட்ஜ் கார்களைத் தானே செய்து பழகியது என்பதை நினைத்தால் இந்த எஞ்சின் நம்முடைய கார்களோடு ஒத்துப்போவது அதிசயமில்லை. கார்பரேற்றர்தான், கணினிப் பெட்டி இல்லை, வயர் வேலை சொற்பம். சனியின் ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் எஞ்சினும் கியரும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், 1275 கெட்டுப்போன காருக்கு இதுதான் முதல் தெரிவு.

ரொயோட்டா 4கே, 5கே இதே வரிசைதான். டிஎக்ஸ் வாகனால் இலங்கை முழுக்கத் தெரிந்த எஞ்சின், பாகத்துக்குப் பஞ்சமில்லை. 4கே 1290, 5கே 1486 சிசி. வலு அதிகம் என்று சொல்லமுடியாது, சாகாது என்று சொல்லலாம்.

அடுத்தது சுசுகி ஜி13. முழுக்க அலுமினியம் என்பதால் மிட்ஜெட்டின் மூக்குப் பாரம் குறையும், கார் திரும்புவதிலேயே வித்தியாசம் தெரியும். ஸ்விஃப்ற் ஜிரிஐயில் வந்த இரட்டைக் கேம் ஜி13பி 1298 சிசியில் 100 குதிரைவலு. அதைவிட எனக்குப் பிடித்தது எஸ்ஜே413 ஜீப்பின் கியர் பொக்ஸ். அந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி தனியே இருக்கிறது. ஆகவே கியர் பொக்ஸின் வாலிலிருந்து நேரே ஒரு தண்டு வெளியே வருகிறது. பின்சக்கர ஓட்டக் காருக்கு அதுதானே வேண்டும். எஞ்சின் தாங்கி, சம்பு, தண்டு எல்லாம் செய்ய வேண்டும். ஒட்டு வேலை தெரிந்த கை உங்களிடம் இருந்தால் இறங்கலாம். முதல் எஞ்சின் மாற்றமே இது என்றால் வேண்டாம்.

கடைசியாக மருமகனின் காதல், 4ஏ-ஜிஇ. 1983இல் ரொயோட்டா கொறொல்லா ஏஇ86இல் வந்தது, 1587 சிசி, 16 வால்வு. 1991இல் வந்த 20 வால்வு வகைக்கு 160 குதிரைவலு. மிக நல்ல எஞ்சின், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஏஇ86, கேஇ70 போன்ற கொறொல்லாக்களில் இறக்கினால் ரி50 கியர் பொக்ஸோடு சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி நிற்கும். மிட்ஜெட்டில் வேறு கதை. 160 குதிரைவலுவை வாங்கும் பின் அச்சு அந்தக் காரில் இல்லை. மிட்ஜெட்டின் அரைத் தண்டுகள் வலுவேற்றிய 1275க்கே முறிபவை. ஆகவே அச்சு மாறும், அச்சு மாறினால் வில்லுத்தகடு மாறும், பிறேக் மாறும், சில்லு மாறும். முடிவில் மிட்ஜெட்டில் மிஞ்சுவது கதவும் பெயர்ப்பலகையும்.

எஞ்சின் வாங்கும்போது

இதில் நானே அடிபட்டவன். பல வருடத்துக்கு முன் ஒரு கொறொல்லாவுக்கு எஞ்சின் வாங்கினேன். கொழும்பில் ஒரு கடை, பெயர் வேண்டாம். போனில் "ஓடின எஞ்சின், எல்லாம் இருக்கு" என்றார்கள். லொறியில் வந்து இறங்கியது. வயர்க் கட்டை கிறைண்டரால் வெட்டியிருந்தார்கள், முழத்துக்கு ஒரு துண்டு. கணினிப் பெட்டி ஓட்டோ கியர் காருக்கு உரியது, கியர் பொக்ஸோ கைக்கியர். இக்னைற்றர் இல்லவே இல்லை. அந்த ஒரு இக்னைற்றருக்கு மூன்று கிழமை காத்திருந்தேன். திரும்பக் கேட்டபோது "எஞ்சின் எண்டுதானே வாங்கினீங்கள்" என்றார்கள். சொல்லில் பிழையில்லை.

ஆகவே ஹாஃப் கட்டாக, அதாவது காரின் முன்பாதியோடு வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள். ஓடவிட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றி கொம்பிறெஷன் பாருங்கள், ஒயில் மூடியின் உட்பக்கம் பால்கோவா நிறத்தில் பிசின் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்திருக்கிறது. வயர்க் கட்டு, கணினிப் பெட்டி, இக்னைற்றர், காற்று மீற்றர், ஸ்ராட்டர், ஓல்ரனேற்றர், கிளட்ச், தாங்கிகள், பின் அச்சுக்குப் போகும் தண்டின் முன்முனை, இவையெல்லாம் இருக்கிறதா என்று கையால் தொட்டு எண்ணுங்கள். வட்ஸ்அப் படத்தை நம்பவேண்டாம். எஞ்சின் எண்ணை அரத்தால் உராய்ந்த அடையாளம் இருந்தால் விலை என்னவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

பத்திரம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சிலிண்டர் கொள்ளளவும் இருக்கின்றன. இரண்டும் மாறப்போகின்றன. பழைய எஞ்சினைக் கழற்ற முதலே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாருங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, இறக்குமதிப் பத்திரத்தின் பிரதி இரண்டையும் கடையில் பணம் கொடுக்கும் அதே நேரத்தில் வாங்குங்கள், பிறகு கேட்டால் வராது. காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பழைய எஞ்சினை விற்காதீர்கள். எம்.ஜி. வாங்க வருபவர் முதலில் கேட்பதே அசல் எஞ்சின் இருக்கிறதா என்றுதான்.

இறக்குவதற்கு முன் சில கைவேலை

பிறேக் முதலில். குழாய்கள், மாஸ்ரர் சிலிண்டர், டிஸ்க் எல்லாம் பழைய எஞ்சினோடு சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் நின்ற காரில் ஆசனத்துக்குக் கீழேயும், பின் வில்லுத்தகடு பூட்டும் இடத்திலும் தகடு உக்கியிருக்கும். ஸ்குறூட்றைவர் முனையால் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உக்கிய தகட்டில் வலுவான எஞ்சின் வைப்பது வைக்கோல் போரில் வெடி கொளுத்துவது மாதிரி.

1967 வரை வந்த மிட்ஜெட்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்பில் பூட்டியிருக்கும். இப்போதைய ஓல்ரனேற்றரையோ கணினிப் பெட்டியையோ அப்படியே பூட்டினால் புகை வரும், புகையோடு காசும் போகும். முனையை மாற்றி, சுற்றுமானியையும் அதற்கேற்ப மாற்றிய பிறகுதான் மற்றது.

மிட்ஜெட்டில் கிளட்ச் மாற்றுவதற்கே எஞ்சின் வெளியே வரவேண்டும். அதனால் புது எஞ்சின் உள்ளே போகும்போது கிளட்ச் தட்டு, தள்ளு பெயரிங், பின் சீல் எல்லாம் புதிது போடுங்கள். அரைவாசி தேய்ந்ததை "இன்னும் ஓடும்" என்று வைத்தால் ஆறு மாதத்தில் எஞ்சினைத் தூக்க அதே சங்கிலி, அதே மாமரக் கொம்பு.

முதல் ஓட்டம்

பண்ணை வீதி இதற்கு நல்லது. மண்டைதீவுச் சந்திவரை போய்த் திரும்புங்கள். நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் கடல், காற்றுக்குக் குறைவில்லை, நின்றுபோனால் இழுத்துவரவும் தூரமில்லை. சூட்டுமானியைத் தவிர வேறெதையும் பார்க்கவேண்டாம். திரும்பிவந்து எஞ்சினை நிறுத்தாமல் பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். ஓடும்போது கொதிக்காத கார் நிற்கும்போது கொதித்தால் மின்விசிறி போதாது. ஓடும்போதே கொதித்தால் றேடியேற்றர் போதாது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அடுத்த ஓட்டம் சாவகச்சேரி, அதற்கடுத்தது ஆனையிறவு. நூறு கிலோமீற்றர் ஆனதும் எஞ்சின் தாங்கி, தண்டு, சைலன்சர் போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.

மருமகன் அட்வான்ஸ் போடவில்லை. 1275இன் புளொக்கை அமிலத்தில் கழுவக் கொடுத்திருக்கிறான், ஐந்து கியர் பெட்டிக்கு லண்டனில் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறான். 4ஏ-ஜிஇ ஆசை போனதா என்று கேட்டேன். "கேஇ70 ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன் மாமா" என்கிறான்.

முதல் ஓட்டம் முடிந்த இரவு காருக்குக் கீழே பழைய பேப்பர் ஒன்றை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். சுசுகியோ நிசானோ வைத்தவர்கள் ஒரு ஒயில் பொட்டுக் கண்டாலும் எங்கிருந்து என்று தேடவேண்டும். ஏ-சீரீஸின் கிராங் பின்முனையில் இரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் ஒரு மரைதான் இருக்கிறது. அதை வைத்தவர்கள் நாலைந்து பொட்டுவரை பேசாமல் பேப்பரை மடித்துப் போடலாம்.